ஒரு குரங்கு தொட்டால் நாடே இருளுமா? மின் பாதுகாப்பு வேலை செய்யும் விதம்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி தாண்டிச் சிறிது நேரத்தில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. கொழும்புக்குத் தெற்கே இருக்கும் பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனில் (வோல்டேஜை மாற்றி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் துணைமின் நிலையம்) ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டதாகவும், அதனால் மின்னமைப்பின் சமநிலை குலைந்ததாகவும் எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு நாட்டின் மின்சாரத்தை ஒரு குரங்கு நிறுத்திவிட முடியுமா என்று எல்லோரும் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். குரங்கு, அணில், பாம்பு, காகம், இடி, முறிந்து விழும் தென்னை மட்டை, கம்பியில் சிக்கும் பட்டம் எல்லாம் மின் துறையினருக்கு அன்றாடம். இவற்றில் ஏதோ ஒன்று இன்றைக்கு நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஒவ்வொரு சப்ஸ்டேஷனும் கட்டப்படுகிறது. அப்படியிருக்க, ஓர் இடத்தில் ஏற்பட்ட பழுது ஏன் அந்த இடத்தோடு நிற்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தேட, மின் சாதனங்களைக் காப்பாற்றுவது எப்படி, கட்டுப்படுத்துவது எப்படி என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஃபால்ட் என்றால் என்ன

மின்னோட்டம் போக வேண்டிய பாதையை விட்டு வேறு பாதையில் போனால் அது ஃபால்ட். கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலோ, கம்பிக்கும் பூமிக்கும் இடையிலோ குறுக்குவழி உண்டாகிறது. குறுக்குவழியில் தடை மிகக் குறைவு. ஆகவே ஓட்டம் பல மடங்காகப் பாய்கிறது. சாதாரணமாகச் சில நூறு ஆம்பியர் ஓடும் இடத்தில் பல ஆயிரம் ஆம்பியர்.

திறந்தவெளியில் இருக்கும் 33 கிலோவோல்ட் சாதனங்களில் மின்கம்பிக்கும் எர்த் செய்யப்பட்ட இரும்புக்கும் இடையே குறைந்தது 32 சென்டிமீட்டர் காற்று இடைவெளி விடுகிறார்கள். அதாவது ஓர் அடிக்குச் சற்று மேல். அந்தக் காற்றுதான் இன்சுலேஷன். டிரான்ஸ்ஃபார்மர் டேங்க்கின் மேல் உட்கார்ந்த குரங்கு, கம்பி டேங்குக்குள் நுழையும் இன்சுலேட்டர் குழலான புஷ்ஷிங்கின் உச்சியை நோக்கிக் கையை நீட்டினால் அந்த ஓர் அடி அதன் உடலால் நிரம்பிவிடுகிறது. அப்புறம் நடப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குள். உடலின் வழியே தொடங்கும் ஓட்டம் காற்றைச் சுட்டு, காற்றின் வழியே பாயும் மின்சுடராக, அதாவது ஆர்க் ஆகிறது. ஆர்க் பிடித்துவிட்டால், தொட்ட உயிர் கீழே விழுந்த பிறகும் ஓட்டம் நிற்காது. யாராவது மேலே இருந்து மின்சாரத்தைத் துண்டித்தால்தான் நிற்கும்.

துண்டிக்கத் தாமதமானால் இரண்டு வகையில் சேதம். ஒன்று சூடு. இன்னொன்று விசை: ஓட்டம் 10 மடங்கானால் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களை இழுத்துப் பிசையும் விசை 100 மடங்காகிறது. எண்ணெய் நிரம்பிய டேங்குக்குள் ஆர்க் பிடித்தால் எண்ணெய் வாயுவாகி டேங்க் வெடிக்கலாம். சேதமாகும் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கடையில் வாங்கக் கிடைக்காது, செய்து வர மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இந்தத் துறையில் விநாடியை ஆயிரம் துண்டாக நறுக்கிப் பேசுகிறார்கள்.

வீட்டு மெயின் போர்டில் இருப்பதும் இதுவே

இஸ்திரிப் பெட்டியின் ஒயர் தேய்ந்து உள்ளே இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அந்தப் பிளக்குக்கு உரிய எம்சிபி, அதாவது ஓட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் சிறு சுவிட்ச், விழ வேண்டும். ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு முழுவதும் அணைந்தால் ஏதோ சரியில்லை. தெருவே அணைந்தால் பெரிய கோளாறு. பழுதுக்கு மிக அருகில் இருப்பவன் முதலில் துண்டிக்க வேண்டும், அவன் தவறினால் மட்டும் அடுத்தவன். மின் பாதுகாப்பின் முதல் விதி இது.

எம்சிபி இல்லாத பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டை இருக்கும். அடிக்கடி போகிறதே என்று அதில் நாலு இழைக் கம்பியை முறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. அப்போது ஃபியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். துண்டித்துக்கொள்ளும் உரிமை பலவீனமான ஃபியூஸ் கம்பியிடமிருந்து வீட்டு ஒயருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

போர்டில் இன்னொரு சுவிட்ச் இருக்கும். தமிழ்நாட்டில் ஆர்சிசிபி, இலங்கையில் டிரிப் சுவிட்ச் என்பார்கள். அது ஓட்டம் கூடுகிறதா என்று பார்ப்பதில்லை; போன ஓட்டமும் திரும்பி வந்த ஓட்டமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, பூமிக்குப் போகிறது என்று பொருள். உடனே விழுகிறது. இந்த எளிய கணக்கை நினைவில் வையுங்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பதும் இதே கணக்குதான்.

அளப்பவன், முடிவெடுப்பவன், வெட்டுபவன்

எம்சிபியில் அளப்பதும் முடிவெடுப்பதும் வெட்டுவதும் ஒரே பெட்டிக்குள் முடிகிறது. சப்ஸ்டேஷனில் மூன்றும் தனித்தனி.

1. அளப்பது. ஆயிரக்கணக்கான ஆம்பியரை நேராக அளக்க முடியாது. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை 1 அல்லது 5 ஆம்பியராகச் சுருக்கித் தருகிறது, சிடி என்பார்கள். பொடென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது பிடி, வோல்டேஜைச் சுமார் 110 வோல்ட்டாகச் சுருக்குகிறது.

2. முடிவெடுப்பது. இதுதான் ரிலே. ஒரு காலத்தில் வீட்டு மீட்டர்போல் அலுமினியத் தட்டு சுழலும் பெட்டி. இன்று ஒரு சிறு கணினி. நல்ல ரிலே ஒரு சைக்கிள், இரண்டு சைக்கிளுக்குள், அதாவது 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் முடிவைச் சொல்லிவிடும்.

3. வெட்டுவது. இது பிரேக்கரின் வேலை. இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு, தொடர்புகள் பிரியும். பிரியும்போது நடுவில் ஆர்க் பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அப்படித் தொடும் கணத்தில் வேக்குவமோ எஸ்எஃப் 6 வாயுவோ ஆர்க்கை அணைத்து, மறுபடி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இந்தியாவில் 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் அமைப்புகளில் பழுது தோன்றியதிலிருந்து துண்டிப்பு வரை 100 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது விதி. 220, 132 கிலோவோல்ட்டில் 160 மில்லி விநாடி.

நாலாவதாக ஒன்று உண்டு. செய்திகளில் அதன் பெயரே வராது. பேட்டரி. பழுது நேரும்போது சப்ஸ்டேஷனின் சொந்த மின்சாரமே சரிந்துவிடலாம். அப்போதும் ரிலே யோசிக்க வேண்டும், பிரேக்கரின் டிரிப் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும். அதற்காகவே ஒரு தனி அறையில் வரிசையாக செல்களை அடுக்கி 110 அல்லது 220 வோல்ட் டிசி வைத்திருக்கிறார்கள். ஆசிட் வாடை வீசும் அந்த அறைக்குப் போய் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி 1.2 அருகில் இருக்கிறதா என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது ஷிஃப்ட் வேலைகளிலேயே சலிப்பானது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ரிலேக்கள் அத்தனையும் அந்த ரெஜிஸ்டரை நம்பித்தான் நிற்கின்றன. டிசி போன சப்ஸ்டேஷனில் பழுது வந்தால் எந்த பிரேக்கரும் திறக்காது. எரிந்துகொண்டே இருக்கும், அடுத்த ஊர் சப்ஸ்டேஷன் துண்டிக்கும் வரை.

ரிலே எதைப் பார்த்து முடிவெடுக்கிறது

ரிலேக்களில் பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டு இடம். இந்தத் துறையில் இருப்பவர்கள் பெயரைவிட எண்ணால்தான் சொல்வார்கள். அவை அமெரிக்கத் தரப்பட்டியலில் இருந்து வந்த எண்கள்.

1. ஓவர்கரண்ட், எண் 51. ஓட்டம் கூடினால் துண்டிக்கும். கூடக்கூட விரைவாகத் துண்டிக்கும். ஓட்டத்துக்கு ஏற்பக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும், பரவலாகப் பயன்படும் ஐடிஎம்டி வளைவில், செட்டிங்கைப்போல் 2 மடங்கு ஓடினால் 10 விநாடி, 10 மடங்கு ஓடினால் 3 விநாடி. இதை ஒரு பெருக்கியால் தேவைக்குச் சுருக்கிக்கொள்ளலாம். சப்ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குப் போகும் லைனான ஃபீடரின் முனையில் இருப்பது முதலில் விழ, அதற்கு மேலே இருப்பது 0.3 முதல் 0.4 விநாடி பொறுத்து விழ, இப்படிப் படிப்படியாக அமைப்பார்கள். மலிவு, நம்பகம். குறை என்னவென்றால், மேலே போகப்போகக் காத்திருக்கும் நேரம் கூடுகிறது. பழுது ஓட்டம் மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் மிகவும் தாமதம்.

2. டிஃபரென்ஷியல், எண் 87. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமா? இல்லையென்றால் பழுது உள்ளேதான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு ஆர்சிசிபியின் பெரியண்ணன். இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போது, அதாவது அதற்கு மின்சாரம் கொடுக்கும்போது, அதன் இரும்பு உள்ளகம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெரிய ஓட்டத்தை இழுக்கும். அசல் பழுது போலவே இருக்கும். அந்த ஓட்டத்தில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இரண்டு மடங்கு வேகத்தில் அலையும் ஓட்டம், நிறைய இருப்பதைக் கண்டு, இது பழுதில்லை என்று ரிலே பொறுத்துக்கொள்கிறது.

3. புக்கோல்ஸ். 1921இல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்கோல்ஸ் உருவாக்கியது. இதில் மின் கணக்கே இல்லை. டேங்குக்கும் மேலே இருக்கும் சிறு எண்ணெய்த் தொட்டியான கன்சர்வேட்டருக்கும் இடையிலான குழாயில் இரண்டு மிதவைகள். உள்ளே மெதுவாகப் புகைந்தால் வாயுக் குமிழிகள் சேர்ந்து மேல் மிதவை இறங்கும், அலாரம் அடிக்கும். பெரிய ஆர்க் என்றால் எண்ணெய் பாய்ந்து கீழ் மிதவையைத் தள்ளும், டிரிப் ஆகும். நூறு வருடம் தாண்டியும் இதை யாரும் கழற்றவில்லை.

4. டிஸ்டன்ஸ், எண் 21. நீண்ட டிரான்ஸ்மிஷன் லைன்களுக்கு. வோல்டேஜை ஓட்டத்தால் வகுத்து, பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடும். சொந்த லைனின் முதல் 80 சதவீதம் சோன் 1, தாமதமே இல்லை. லைன் முழுவதும் அடுத்ததில் கொஞ்சமும் சோன் 2, அரை விநாடிக்குள். அடுத்த லைனையும் தாண்டிப் பார்ப்பது சோன் 3, ஒரு விநாடி அளவில் பொறுத்து. அங்கே இருப்பவர்கள் தவறினால் கைகொடுப்பதற்காக. இந்த சோன் 3 பற்றி அடுத்த பகுதியில் நிறையச் சொல்ல வேண்டும்.

இத்தனை பார்வைகளும் சேர்ந்தால் நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆன கணத்தில் கண்ட்ரோல் ரூமில் ஹூட்டர் அலறும், பேனலில் கட்டம் கட்டமாக விளக்குகள் சிமிட்டும். பழகிய ஆப்பரேட்டர் அக்செப்ட் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவார். அப்புறம் எதையும் தொடாமல், எந்தெந்த ரிலேயில் கொடி, அதாவது அது செயல்பட்டதைக் காட்டும் அடையாளம், விழுந்திருக்கிறது என்று நேரத்தோடு எழுதிக்கொள்வார். எழுதாமல் ரீசெட் செய்வது தடயத்தைத் துடைப்பதற்குச் சமம். 87 விழுந்து புக்கோல்ஸ் விழாமல் இருந்தால் பழுது பெரும்பாலும் டேங்குக்கு வெளியே, புஷ்ஷிங் பக்கத்தில். வெளியே போய்ப் பார்த்தால் கருகிய அணிலோ குரங்கோ கிடக்கும். இரண்டும் விழுந்திருந்தால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது; எண்ணெய், வாயு, சுருள் எல்லாம் சோதிக்காமல் சார்ஜ் செய்யக் கூடாது. தெரியாமல் யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் 86 என்ற லாக்அவுட் ரிலே இருக்கிறது. அதைக் கையால் திருப்பினால் ஒழிய பிரேக்கர் குளோஸ் ஆகாது.

பழுதே இல்லாமல் விழுந்த ரிலே: 2012 ஜூலை

ரிலே வேலை செய்யாவிட்டால் சாதனம் எரியும். தேவையில்லாத நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும்? இந்தியா அதை 2012இல் பார்த்தது.

ஜூலை 30 அதிகாலை 2.33 மணி. மேற்கு மண்டலத்திலிருந்து வடக்கு மண்டலத்துக்கு மின்சாரம் போகும் பாதைகள் நெருக்கடியில் இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் பினா முதல் குவாலியர் வரை ஓடும் 400 கிலோவோல்ட் லைன்களில் ஒன்று, 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் சுமையும் மற்றொன்றின் தலையில். அந்த மற்றொன்று டிரிப் ஆனது. லைனில் பழுது எதுவும் இல்லை. துண்டித்தது டிஸ்டன்ஸ் ரிலேயின் சோன் 3.

ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. 400 கிலோவோல்ட்டில் 500 மெகாவாட் போகும் லைனை ரிலே 320 ஓம் என்று பார்க்கும். சுமை 1,200 மெகாவாட் ஆகி, அந்தச் சுமையாலேயே வோல்டேஜ் 370க்குச் சரிந்தால், ரிலே கண்ணுக்கு அது 114 ஓம். பழுது இல்லை, கம்பி அதே கம்பிதான். ஆனால் ஓட்டம் கூடி வோல்டேஜ் குறைந்தால் வகுத்து வரும் விடை சுருங்குகிறது. எங்கோ தொலைவில் பழுது இருப்பதுபோல் தோன்றுகிறது. சோன் 3இன் எல்லையை அகலமாக வைத்திருந்தால் சுமையே அதற்குள் நுழைந்துவிடும். இதற்கு லோட் என்க்ரோச்மென்ட் என்று பெயர்.

லைன் போனதும் அதன் சுமை பக்கத்து லைன்களுக்குத் தாவியது. அவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. வடக்கு மண்டலம் பிரிந்து, முழுவதும் இருண்டது. மறுநாள் ஜூலை 31 பகல் 1 மணிக்கு அதே பினா-குவாலியர் பாதையில், அதே காரணத்தால், மறுபடியும். இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது.

தமிழ்நாடு உள்ளிட்ட தெற்கு மண்டலம் அன்றைக்குத் தப்பியது. அப்போது தெற்கு மற்ற மண்டலங்களோடு டிசி இணைப்புகள் வழியாக மட்டுமே சேர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தின் ஆட்டம் இந்தப் பக்கம் தொற்றவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் ஒரே ஏசி கட்டமைப்பில் சேர்ந்தது. அதன்பின் மின்சாரப் பரிமாற்றம் எளிதானது. அன்று காத்த வேலி இப்போது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விசாரணைக் குழு இன்னொன்றையும் கண்டது. ஃபிரீக்வென்சி (விநாடிக்கு 50 முறை என்ற மின்சாரத்தின் அலைவு) சரியும்போது தானாகச் சுமையைக் குறைக்க வேண்டிய ரிலேக்கள் வடக்கு மண்டலத்தில் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. அந்த ரிலேக்கள் செய்ய வேண்டிய வேலை பாதுகாப்பைவிட விரிந்தது.

காப்பது ஒரு வேலை, கட்டுப்படுத்துவது இன்னொரு வேலை

இதுவரை சொன்ன ரிலேக்கள் எல்லாம் தன் வீட்டை மட்டும் பார்ப்பவை. என் டிரான்ஸ்ஃபார்மர், என் லைன், என் ஜெனரேட்டர். ஆபத்து என்றால் கழன்றுகொள்வது அவற்றின் தர்மம். ஆனால் ஒன்று கழன்றதும் மீதி அமைப்பில் உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்காது. மின்சாரத்தைக் கம்பியில் சேர்த்து வைக்க முடியாது. குறைவு வந்தால் அதை உடனடியாக ஈடுகட்டுவது, சுழன்றுகொண்டிருக்கும் டர்பைன், ஜெனரேட்டர்களின் வேகம். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரோட்டர்கள் தங்கள் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கொடுத்து மெதுவாகின்றன. வேகம் குறைவதுதான் ஃபிரீக்வென்சி குறைவதாகத் தெரிகிறது.

எவ்வளவு வேகமாகக் குறையும்? மறுபடியும் விளக்கத்துக்காக ஒரு கணக்கு. 1,000 மெகாவாட் திறனுள்ள இயந்திரங்கள் சுழல்கின்றன, அவற்றின் சுழற்சியில் 4 விநாடிக்கான ஆற்றல் இருக்கிறது என்று கொள்வோம். திடீரென 200 மெகாவாட் போனால் ஃபிரீக்வென்சி விநாடிக்கு 1.25 ஹெர்ட்ஸ் வீதம் சரியும். 50இலிருந்து 47.5க்கு வர 2 விநாடி. அதே தேவையை, பாதி சுழலும் இயந்திரங்களும் பாதி சோலாரும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால்? சோலாரின் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டருக்குள் சுழல்வது எதுவும் இல்லை. சரிவு விநாடிக்கு 2.5 ஹெர்ட்ஸ். இருப்பது 1 விநாடி.

அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் வரிசையாக நடக்க வேண்டியவை:

1. டர்பைன்களின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவிகளான கவர்னர்கள் நீரையோ நீராவியையோ கூடத் திறந்துவிட வேண்டும். வால்வு நகர விநாடிகள் பிடிக்கும்.

2. அது போதாவிட்டால் ஃபிரீக்வென்சி ரிலேக்கள், எண் 81, சில ஃபீடர்களைப் படிப்படியாகக் கழற்ற வேண்டும். சில ஊர்களை இருட்டாக்கி மற்ற ஊர்களைக் காப்பது இதன் வேலை.

3. அதுவும் போதாமல் 47.5 பக்கம் போனால் அனல் மின் நிலையங்கள் தாங்களே விலகிக்கொள்ளும். நீராவி டர்பைனின் கடைசி வரிசை பிளேடுகள் நீளமானவை. வேகம் மாறினால் அதிர்ந்து விரிசல் விடும். பிளேடு உடைவதைவிட இருட்டு மேல் என்று வடிவமைத்திருக்கிறார்கள், அது சரியான முடிவும்கூட.

மூன்றாவதற்கு முன்னால் இரண்டாவது வேலை செய்தால் ஊர் தப்பும். மூன்றாவது முந்திக்கொண்டால் சரிவு அருவியாகிவிடும்: ஒவ்வொரு ரிலேயும் தன்னளவில் சரியாகவே நடந்துகொள்ளும், எல்லாம் சேர்ந்து நாடு இருளும்.

பாணந்துறைக்குத் திரும்பினால்

இந்த வெளிச்சத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். விடுமுறை நாள்; தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், தேவை குறைவு. நல்ல வெயில். இலங்கை மின்சார சபை கொடுத்த விளக்கத்தின்படி, அந்த நேரத்தில் நாட்டின் மின்தேவையில் பாதிக்கும் மேல் சூரிய மின்சாரம் தந்துகொண்டிருந்தது. சுழலும் இயந்திரங்கள் குறைவாக இருந்ததால் அமைப்பில் நிலைமம், அதாவது சரிவைத் தாமதப்படுத்தும் அந்தச் சுழற்சியின் பலம், குறைந்திருந்தது. இதோடு இலங்கை ஒரு தீவு. கைகொடுக்கப் பக்கத்து நாட்டு லைன் எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பழுது, நீடிக்கும் சில நூறு மில்லி விநாடிகளுக்கு, சுற்றுவட்டாரம் முழுக்க வோல்டேஜை அமுக்கிவிடும். கூரை மேல் இருக்கும் இன்வெர்ட்டருக்கு அது தெரியும். குறைந்த வோல்டேஜைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டு நிற்கும்படி அமைத்திருந்தால் நிற்கும். அப்படி அமைக்காதவை கழன்றுகொள்ளும். ஆயிரக்கணக்கான கூரைகள் ஒரே கணத்தில் கழன்றால், ஒரு பெரிய மின் நிலையம் போனதற்குச் சமம்.

இதைவிட நுட்பமான ஒரு பொறியும் உண்டு. ஃபிரீக்வென்சி சரிந்தால் ஃபீடரைக் கழற்று என்ற ஏற்பாடு, ஃபீடர் என்றால் சுமை என்று நம்பிய காலத்தில் செய்யப்பட்டது. நடுப்பகலில், கூரை சோலார் நிறைந்த ஒரு ஃபீடர் மின்சாரத்தை வாங்காமல் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றினால் சுமை குறையாது, உற்பத்தி குறையும். மருந்தே நோயைக் கூட்டும். சோலார் பெருகும் எந்த நாடும், தமிழ்நாடு உட்பட, எந்த ஃபீடரை எந்த மணிக்குக் கழற்றுவது என்பதை மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும்.

சோலாரே கூடாது என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. குறைந்த வோல்டேஜைத் தாங்கும்படி இன்வெர்ட்டர்களை அமைக்கலாம். மின்சாரம் உற்பத்தி செய்யாமல் வெறுமனே சுழன்று நிலைமம் கொடுக்கும் சிங்க்ரோனஸ் கண்டென்சர்களை நிறுவலாம். ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கைகொடுக்கும் பேட்டரித் தொகுப்புகளை வைக்கலாம். இவை சோதித்து, உலகில் பல இடங்களில் ஓடிக்கொண்டிருப்பவை. குரங்குக்கும் வழி உண்டு: புஷ்ஷிங் உச்சிகளுக்கு இன்சுலேஷன் உறை, வேலியை ஒட்டிய மரக்கிளைகளை வெட்டுதல். செலவு சொற்பம். ஆனால் எல்லா சப்ஸ்டேஷனிலும் உறை போட்டு முடித்த பிறகும் இடி விழும். குரங்கைத் தடுப்பதோடு வேலையை முடித்துக்கொண்டால் அடுத்த முறை இடி மேல் பழி போட வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டபோது விழுந்தது கொத்மலை-பியகம டிரான்ஸ்மிஷன் லைன். அங்கே குரங்கு இல்லை.

மீண்டும் எழுப்ப ஏன் இத்தனை மணி நேரம்

2025 பிப்ரவரி 9 அன்று மின்சாரம் முழுதாகத் திரும்ப ஆறு மணி நேரம் போல் ஆனது. பலருக்கு இதுதான் பெரிய எரிச்சல்: சுவிட்சைப் போட வேண்டியதுதானே?

மின் நிலையத்தைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். பம்பு, ஃபேன், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கரண்டில் ஓடுபவை. நாடே இருண்டிருக்கும்போது, வெளி உதவி இல்லாமல் எழக்கூடியவை நீர்மின் நிலையங்களும் சில கேஸ் டர்பைன்களும். அவற்றில் ஒன்றைத் தொடங்கி, ஒரு லைனைச் சார்ஜ் செய்து, அதில் ஓர் ஊரின் சுமையைக் கொஞ்சம் சேர்த்து, இன்னொரு நிலையத்தை எழுப்பி, இப்படித் தனித்தனியே எழுந்த இரண்டு பகுதிகளின் ஃபிரீக்வென்சியும் கோணமும் ஒத்து வரும் கணத்தில் இணைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பெரிய ஃபீடரைப் போட்டால் கட்டியதெல்லாம் மறுபடி சரியும்.

நிலக்கரி நிலையத்தின் கதை இன்னும் நீளம். நுரைச்சோலையில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று. அன்றைக்கு டிரிப் ஆனவை திரும்பி வர நாட்கள் ஆயின. கொதிகலனைப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும், டர்பைனின் உலோகம் கோணாதபடி மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பிப்ரவரி 10, 11 தேதிகளில் பகுதி பகுதியாக ஒன்றரை மணி நேர மின்வெட்டு அறிவித்தார்கள். குரங்கு விழுந்தது ஞாயிறு. அதற்கான விலையைத் திங்களும் செவ்வாயும் மக்கள் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. மறுபடியும் வெயில், மறுபடியும் குறைந்த தேவை. கூரை சோலார் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரைக்கும் தங்கள் அமைப்பைத் தாங்களாகவே நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் 300 மெகாவாட் அலகு ஒன்றை ஒரு போன் காலில் குறைத்துவிடுவார். ஊரெங்கும் பரவிக் கிடக்கும் சின்னச் சின்னக் கூரைகளைக் குறைப்பதற்கு அவர் கையில் அப்போது இருந்தது ஒரு வேண்டுகோள் மட்டும்தான்.